அப்பாவின் முதுகும் முன்சுவர்க் கல்லும்

அன்று விறாந்தையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கச்சி வாணி, நான். பிரான்சில் இருக்கிற அண்ணை கைத்தொலைபேசிக்குள் இருந்தார். அவரைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். இல்லாதவர்கள் மாப்பிள்ளை வீட்டார். ஆனால் கதை முழுவதும் அவர்களைப் பற்றித்தான் என்பதால், அவர்களும் ஒரு பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த மாதிரித்தான்.

வாணியின் எழுத்துக்கு நாள் பார்த்தாயிற்று. கல்யாணப் பதிவு எங்கள் வீட்டில். சாப்பாடும் படமெடுப்பும் இங்கேதான்.

"போனைக் கொஞ்சம் அங்காலை திருப்பு," என்றார் அண்ணை. திருப்பினேன்.

"அப்பா, ஒருக்கா முன்னுக்கு வாங்கோ."

அப்பா முன்னுக்குக் குனிந்தார். அவருக்குப் பின்னால், சுவரில், இன்னொரு அப்பா இருந்தார்.

"உதைத்தான் சொன்னனான்," என்றார் அண்ணை. "உதோடை நிண்டு படம் எடுக்கேலாது."

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பஸ் கதையை வாசித்துக் காட்டியபோது, "ஊர்ச் சனம் எல்லாத்தையும் எழுதிறாய், என்னைப் பற்றி எப்ப எழுதப் போறாய்?" என்று அப்பா கேட்டார். ஆகவே இந்த வாரம் அவருடைய முதுகு.

சுவரில் இருந்த ஆள்

எங்கள் வீடு அச்சுவேலியில் இருந்து தொண்டைமானாற்றுப் பக்கம் போகிற வழியில், கிளைவீதி ஒன்றின் முடிவில் இருக்கிறது. ஒரு பக்கத்தால் செம்மண் தூசி வரும். மறுபக்கத்தால் உப்புக்காற்று வரும். எந்தப் பெயின்ற் அடித்தாலும் மழை முடிய அப்பளம் போலப் பொரிந்து எழும்பும்.

ஆனால் எங்கள் முன்சுவரின் பிரச்சினை உப்பு மட்டும் அல்ல. அப்பா கிணறு வெட்டுகிறவர். வாலிப வயதில் இருந்து அலவாங்கும் கையுமாகப் பாறைக்குள் இறங்கி ஏறியவர். இப்போது வேலை குறைவு, முதுகு நோ கூட. மத்தியானம் சாப்பிட்டதும் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, விறாந்தை நிலத்தில் கால் நீட்டி, முன்சுவரில் வெறும் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். அந்தக் குளிர்தான் தனக்கு மருந்து என்பார்.

வியர்வை, நல்லெண்ணெய், நோவுத் தைலம், செம்மண் எல்லாம் சேர்ந்து சுவரில் ஒரு படம் வரைந்துவிட்டன. இரண்டு தோள், நடுவில் முதுகுத்தண்டின் பள்ளம், மேலே தலையெண்ணெய் பட்ட வட்டம். அம்மா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முதல் அதன்மேல் வெள்ளை அடிப்பார். சித்திரை வருசத்துக்குத் தோள் தெரியும். ஆடிக்குள் தலையும் வந்துவிடும்.

"வீட்டுக்கு வாற சனம் சாமிப் படத்தைக் கும்பிடுறதுக்கு முதல் இவரின்ரை முதுகைத்தான் பாக்குது," என்பார் அம்மா.

"அப்ப பூ வையும்," என்பார் அப்பா.

மாப்பிள்ளையின் தகப்பன் தெல்லிப்பழையில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதிபர் ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தியாக வருகிறார் என்றதும் அம்மாவுக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. எனக்குப் பயம் முக்கால்.

"பெயின்ற் எல்லாம் சரிவராது. கிளாடிங் ஒட்டுவம். கல்லு மாதிரி, மரம் மாதிரி எல்லாம் வருது. ஒருக்கா ஒட்டினா ஒட்டினதுதான். காசு நான் அனுப்புறன்," என்றார் அண்ணை.

"கிளாடிங் எண்டா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"சிவருக்குச் சட்டை போடுறது அப்பா."

"எனக்கே சட்டை ஒத்துவராது," என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பவும் சாய்ந்தார்.

சாய இடமில்லாத வருடங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்குச் சுவர் இருந்ததில்லை. இடம்பெயர்ந்து இருந்த காணிகளில் முதலில் கிடுகு, பிறகு தகரம். கிடுகில் சாய்ந்தால் அது நம்மோடு சேர்ந்து சாயும். தகரம் பகலில் சுடும், மழைக்குச் சத்தம் போடும். அப்பா வேலையால் வந்து கொட்டிலின் நடுவில் நட்ட கப்புமரத்தில் சாய்வார். ஒரு முதுகுக்கு அந்தக் கப்பு எந்த மூலைக்கு? வலது தோள் சாய்ந்தால் இடது தோள் அந்தரத்தில் நிற்கும்.

பிறகு காணி கிடைத்து, வீட்டுத்திட்டம் கிடைத்து, இந்த வீடு எழும்பியது. கூரை போட முதலே, சீமெந்து பூசிக் காய்ந்த அன்றே, அப்பா வந்து முன்சுவரில் சாய்ந்து பார்த்தார். "இது அசையாது" என்றார். நாங்கள் குடிபுகுந்தது அதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால் அப்பா குடிபுகுந்தது அன்றைக்குத்தான்.

நான் உயர்தரம் படித்ததும் அந்தச் சுவரடியில்தான். வீட்டில் நல்ல வெளிச்சம் விறாந்தையில் மட்டும். அப்பா சாய்ந்திருப்பார், நான் பக்கத்தில் இருந்து சத்தமாகப் பாடமாக்குவேன். பொருளியலில் வருகிற கேள்வி, வழங்கல், விலை எல்லாம் அவர் காதுக்குள் போய் வந்தவை. ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய் விலை இறங்கியதற்கு, "வழங்கல் கூடிப்போச்சு" என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

கடையில் கழன்ற சேட்டு

சுவருக்கும் நிலத்துக்கும் பதிக்கிற ரைல்ஸ் விற்கிற கடை யாழ்ப்பாண நகரில். கண்ணாடிக் கதவு, உள்ளே நல்ல குளிர். அப்பா வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாக வந்தார். அம்மாவும் வாணியும் தங்களிடம் இருந்த நல்ல சீலையில். அண்ணை என் கையில், போனுக்குள்.

மாதிரிப் பலகைகளை வரிசையாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். காட்டித் தந்த பிள்ளை நல்ல பொறுமைசாலி. கழுத்தில் அட்டை தொங்க, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதலில் பிளாஸ்ரிக் பனல். மரம் போல இருந்தது. அம்மா விரலால் தட்டினார். 'டொக் டொக்' என்றது.

"உள்ளுக்கு ஒண்டுமில்லை போல."

"இது அறைக்குள்ளை போடுறது அம்மா. வெளியிலை நேர்வெயில் பட்டா நிறம் வெளிறும்," என்றாள் பிள்ளை உண்மையாக.

அடுத்தது நிசமான மரம். அம்மா "கறையான்" என்று ஒரு சொல்லில் முடித்தார்.

பிறகு மினுங்குகிற மாபிள். வாணி அதில் முகம் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தாள். அடுத்தது கல். கறுப்பும் மண்ணிறமுமாக மெல்லிய துண்டுகள், ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று அடுக்கியது. போனுக்குள் இருந்து அண்ணை, "நில், நில், உதைக் காட்டு. உதுதான்! இஞ்சை பெரிய வீடுகளுக்கு உதுதான் ஒட்டியிருக்கினம்," என்றார்.

அப்பா கிட்டப் போய்க் கல்லைத் தடவினார்.

"உதை நான் எத்தினை கிணத்துக்குள்ளை கிண்டி வெளியிலை எறிஞ்சனான். இப்ப காசு குடுத்து வீட்டிலை ஒட்டப் போறியளோ?"

"அது வேறை கல்லு அப்பா. இது அலங்காரக் கல்லு."

"கல்லுக்குமோ அலங்காரம்?"

இதைச் சொல்லிக்கொண்டே அப்பா சேட்டுப் பட்டனைக் கழற்றத் தொடங்கினார். நான் குளிருக்குள்ளும் வியர்க்கிறதாக்கும் என்று நினைத்தேன். சேட்டை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார். திரும்பி நின்று, மினுங்குகிற மாபிளில் முதுகை வைத்தார்.

கடை ஒருகணம் நின்றது.

"ஐயா, என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள் பிள்ளை.

"சாயிறன் பிள்ளை. சிவர் வேண்ட வந்தா சாய்ஞ்சு பாக்காமலோ வேண்டுறது?"

"பலகை விழுந்துடும் ஐயா!"

"அப்ப நீர் பின்னாலை பிடியும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகைக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் பிடித்தாள். காவலுக்கு நின்றவர் வாசலில் இருந்து வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, தானும் ஒரு மூலையைப் பிடித்தார்.

மினுங்குகிற மாபிள் வழுக்குகிறது, வேர்வைக்கு ஒட்டும் என்றார் அப்பா. கல்லில் சாய்ந்ததும் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார். கடைசி வரிசையில், யாரும் காட்டாத ஒரு சாம்பல் நிற ரைல்ஸ் இருந்தது. மினுக்கமும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. அதில் சாய்ந்தவர் கண்ணை மூடிவிட்டார்.

"உது நல்லாக் கிடக்கு," என்றார்.

"அப்பா, அது கக்கூசுக்குப் போடுறது!" அண்ணையின் சத்தம் கடை முழுதும் கேட்டது.

"கொழுவாதையுங்கோ," என்று அம்மா சேட்டை நீட்டினார். "முதலிலை இதைப் போடுங்கோ. சனம் பாக்குது."

அண்ணை கல் என்றார். வாணி கல் என்றாள், படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று. அம்மா கல் என்றார், அதில் முதுகு பதியாது என்பதற்காக. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதிபரின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. நானும் கல் என்றேன்.

அப்பா பட்டனைப் பூட்டிக்கொண்டு, "பிள்ளையின்ரை எழுத்து. வடிவா இருக்கட்டும். எனக்கென்ன, எங்கையும் சாயலாம்," என்றார்.

கல் ஏறிய பிறகு

ஒட்ட வந்தவர் மேசன் யோகன் அண்ணை. பழைய பெயின்றைச் சுரண்டி, நல்ல தண்ணியால் கழுவி, உப்பை எடுத்து, சுவரைக் கொத்திக் காயவிட்ட பிறகுதான் பசை பூசவேண்டும், இல்லாவிட்டால் உப்பு உள்ளே இருந்து கல்லைத் தள்ளிவிடும் என்றார். கிளாடிங் ஒட்ட நினைக்கிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகத்தில் வைத்திருங்கள்.

முதல் கொத்து அப்பாவின் இடது தோளில் விழுந்தது. சுவரில் இருந்த அப்பாவைச் சொல்கிறேன்.

"மெல்லக் கொத்தடா, நோகுது," என்றார் உண்மையான அப்பா, முற்றத்தில் நின்றபடி. யோகன் அண்ணை சிரித்த சிரிப்பில் சுத்தியல் கைதவறியது.

வேலை முடிந்தபோது வீடு வேறு வீடாக இருந்தது. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பின்னேர வெயில் பட்டால் கல் துண்டுகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, சொல்லக்கூடாது, உண்மையாகவே வடிவு. அம்மா நாவூறுக்குத் தேங்காய் உடைத்தார்.

ஒரு கிழமைக்குள் கல்லின் ஒவ்வொரு விளிம்பிலும் செம்மண் ஏறி இருந்தது. அம்மா பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு காலையில் சுவருக்குப் பல் விளக்கத் தொடங்கினார். இடைவெளிகளில் பல்லிகள் குடிபுகுந்தன.

அப்பா மத்தியானத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்த்தார். அதன் சட்டங்கள் முதுகில் கோடு போட்டன. தண்ணித்தாங்கித் தூணில் சாய்ந்து பார்த்தார். பிறகு ஆளைக் காணவில்லை. தேடினால், குசினிக்குப் பின்பக்கம், பூச்சுக்கூடச் சரியாகப் பூசாத சுவரடியில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்தார்.

விறாந்தை சத்தமில்லாமல் போயிற்று. சந்திக்கு, வயலுக்கு என்று போகிறவர்கள் முன்பு படலையில் நின்று, "என்ன, சாய்ஞ்சாச்சோ?" என்று கேட்பார்கள், அப்பா ஒன்று சொல்வார், அவர்கள் ஒன்று சொல்வார்கள். இப்போது அவர்கள் கல்லைப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றுவிட்டுப் போனார்கள். கல் பதில் சொல்லவில்லை.

அண்ணை அழைத்தபோது, "அப்பா எங்கை?" என்றார்.

"பின்னாலை."

"ஏன் பின்னாலை?"

நான் போனைக் கல் ஒட்டிய முன்சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

எழுத்தன்று

அதிபர் பட்டு வேட்டி, சால்வை, மூக்குக்கண்ணாடியோடு வந்து இறங்கினார். படலையடியில் நின்று முன்சுவரை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது.

"நல்ல வேலைப்பாடு தம்பி," என்றார். கல்லுக்கு அண்ணை அனுப்பிய காசு அந்த ஒரு சொல்லோடு செமித்தது என்று நினைத்தேன்.

எழுத்து முடிந்தது. வாணி கையெழுத்து வைத்தாள், மாப்பிள்ளை வைத்தார், சாட்சிகள் வைத்தார்கள். வாழையிலையில் சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, பாயாசம். படமெடுக்கிறவர் முற்றத்தில் குடை மாதிரி விளக்கெல்லாம் விரித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு வந்த அதிபருக்கு நான் நல்ல கதிரையை இழுத்துப் போட்டேன்.

"வேண்டாம் தம்பி. சாப்பிட்டா நிலத்திலை இருந்தாத்தான் எனக்குச் சரி," என்றார். சால்வையை மடித்து வைத்தார். சேட்டுப் பட்டனைக் கழற்றினார். எனக்கு எங்கேயோ பார்த்த காட்சி போல இருந்தது. சேட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, நிலத்தில் இருந்து, கால் நீட்டி, ஆனந்தமாக ஒரு பெருமூச்சோடு பின்னுக்குச் சாய்ந்தார்.

"ஐயோ அம்மாளாச்சி!"

அவர் துள்ளி எழும்பிய வேகத்தில் கண்ணாடி மூக்கில் இருந்து இறங்கிவிட்டது. முதுகில் கல்லின் விளிம்புகள் சிவப்பாகக் கோடு போட்டிருந்தன. அம்மா குசினி வாசலில் வாயைப் பொத்தினார். வாணியின் முகம் வெளிறிவிட்டது. இந்தச் சம்பந்தம் இந்த முதுகோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அப்பா மட்டும் அசையாமல் கிட்டப் போனார். ஒரு நோயாளி இன்னொரு நோயாளியைப் பார்க்கிற பார்வை.

"வாங்கோ," என்றார் மெல்ல. "பின்னாலை ஒரு நல்ல சிவர் கிடக்கு."

கொஞ்ச நேரத்தில் படமெடுக்கிறவர் கூப்பிடத் தொடங்கினார்.

"பொம்பிளை மாப்பிள்ளை வந்தாச்சு. ரெண்டு தேப்பன்மாரும் எங்கை?"

தேடிப் போனேன். காஸ் சிலிண்டரின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அதிபர். இரண்டு பேரும் வெறும் மேல், இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு. அதிபர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கடை வீட்டிலையும் உதே கரைச்சல்தான். மனுசி சிவர் முழுக்க மாபிள் பதிச்சுப்போட்டா. நான் இப்ப கார் விடுற கராச்சுக்குள்ளைதான் சாயிறது."

"மாபிள் வழுக்கும்," என்றார் அப்பா. "நான் கடையிலை சாய்ஞ்சு பாத்தனான்."

"கடையிலையோ? எனக்கு உது தோன்றேல்லையே!"

அந்த நாளின் குடும்பப் படத்தில், வடிவான கல்லுக்கு முன்னால் இரண்டு தகப்பன்மாரும் நிற்கிறார்கள். இரண்டு பேரின் சேட்டிலும் பட்டன் மாறிப் பூட்டியிருக்கிறது.

திரும்பவும் கடைக்கு

அன்றிரவே அண்ணை அழைத்தார். நான் சொல்ல முதலே கதை அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "கொஞ்சத்தைக் கழட்டலாமோ?" என்று கேட்டார். நான் அதைக் கேட்பதற்குத்தான் போனை எடுத்து வைத்திருந்தேன்.

நான் வேலை செய்கிற கந்தோரின் மத்தியான இடைவேளையில் ரைல்ஸ் கடைக்குப் போனேன். அதே பிள்ளை.

"அப்பா வரேல்லையோ?"

"தெல்லிப்பழைக்குப் போட்டார். சம்பந்தி வீட்டுக் கராச்சிலை சாய."

"அந்தச் சாம்பல் ரைல்ஸ் முடிஞ்சுது," என்றாள். "அதைப்போலை வேறை ரெண்டு வந்திருக்கு. பாக்க ரெண்டும் ஒண்டுதான். சாய எது நல்லதெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன். காவல்காரர் சிரித்தார். முதலில் கழுத்தில் தொங்கிய கந்தோர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். பிறகு பட்டன். அவள் எதுவும் கேட்காமல் பலகைக்குப் பின்னால் போய்ப் பிடித்தாள்.

முதலாவது பரவாயில்லை. இரண்டாவதில் தோள் இரண்டும் பட்டதும் குளிர் முதுகுத்தண்டால் மெதுவாக இறங்கியது. கண் தானாக மூடியது.

"அப்பாவும் இப்பிடித்தான் மூடினவர்," என்றாள் பலகைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து.

அடுத்தநாள் யோகன் அண்ணை வந்தார். அப்பாவை நிலத்தில் இருத்தி, தோளுக்கு இரு பக்கமும் கல்லில் சோக்கால் கோடு போட்டார்.

"சம்பந்தி வந்தா அவருக்கும் வேணும். அப்ப ரெண்டு பேருக்கு அளவெடுக்கிறன்," என்றார்.

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பல் பிரஷ் இன்னும் இடுப்பில் செருகியிருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தார். கால் நீட்டினார்.

"மூண்டு பேருக்கு எடு," என்றார். "எனக்கும் முதுகு இருக்கு."

இத்தனை வருடத்தில் அம்மா அந்தச் சுவரில் சாய்ந்து நான் பார்த்ததில்லை. யோகன் அண்ணை சோக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார்.

கல், பசை, கூலி எல்லாமாக முதலில் செலவானது ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். அது அண்ணையின் காசு. அதில் மூன்று முதுகின் அகலத்தைக் கழற்றி ரைல்ஸ் பதிக்க என் சம்பளத்தில் இருபத்துமூவாயிரத்து ஐந்நூறு. மொத்தம் ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரத்து ஐந்நூறு ரூபாய்.